நடுவில் இருக்கும் வீட்டுக்கு என்ன வருமானம்?

கேள்வி: அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பக்கம் ஒரு சின்னக் கவுண்டியில் இருக்கிறோம். கணவருக்கு இங்குள்ள மருத்துவமனையில் வேலை. பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஒரு தொண்டு அமைப்பில் நான் கணக்குவழக்கு பார்க்கிறேன். நிதி கேட்டு ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் போட வேண்டும். அதில் ‘உங்கள் கவுண்டியின் இடைநிலை வீட்டு வருமானம் எவ்வளவு?’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. தேடிப் பார்த்தால் மூன்று எண்கள் கிடைக்கின்றன. மூன்றும் அரசாங்கம் தருபவைதான். ஒன்று 52,000 டாலர், இன்னொன்று 48,000, மூன்றாவது 63,000. எங்கள் கவுண்டியில் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் வீடுகள். எங்கள் வீட்டுக்கு யாரும் வந்து வருமானம் கேட்டதில்லை. தெரிந்தவர்கள் வீடுகளுக்கும் வந்ததாகக் கேள்விப்படவில்லை. அப்புறம் இந்த எண் எங்கிருந்து வருகிறது? வரித்துறையிடம் எல்லோருடைய கணக்கும் இருக்கிறதே, அதை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதைச் சொல்லிவிட்டால் ஆகாதா? நான் எந்த எண்ணை எழுதுவது?
— வாசகி, டெக்சாஸ்

பதில்: முதலில் 63,000-ஐ ஓரமாக வையுங்கள். எண்ணில் தப்பில்லை, அது வேறொரு கேள்விக்கான விடை. மூன்றில் உயரமாக நிற்பது அநேகமாக வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை வெளியிடும் குடும்ப வருமானமாகத்தான் இருக்கும். வாடகை உதவி யாருக்கு, மலிவு விலை வீடு யாருக்கு என்று வரம்பு கட்டுவதற்காக அந்தத் துறை ஆண்டுதோறும் இதைக் கணக்கிடுகிறது. அதில் குடும்பம் என்றால், உறவுள்ள இருவராவது ஒரே வீட்டில் இருக்க வேண்டும். கணவர் காலமான பிறகு தனியாக வாழும் எழுபது வயது மூதாட்டி அதில் வரமாட்டார். வாடகையைப் பங்குபோட்டுக்கொண்டு ஒன்றாகத் தங்கியிருக்கும் எண்ணெய் வயல் தொழிலாளர்கள் வரமாட்டார்கள். வீட்டு வருமானக் கணக்கிலோ இவர்கள் எல்லோரும் உண்டு. தனியாள் வீடுகள் பெரும்பாலும் வருமானம் குறைந்தவை. அவற்றைக் கழித்துவிட்டால் நடு எண் தானாக மேலே ஏறும். போதாததற்கு, அந்தத் துறை பழைய கணக்கெடுப்பு எண்ணை நடப்பு ஆண்டுக்கு உயர்த்தியும் போடுகிறது. நிதி விண்ணப்பங்களில் நான் அடிக்கடி காணும் குளறுபடி இதுதான். கணக்கில் யாரும் பிசகுவதில்லை, கேட்ட பொருள் ஒன்று, கொடுத்த பொருள் வேறொன்று.

மற்ற இரண்டும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்திலிருந்து வருபவை. 52,000 நேரடியாக வீடுகளில் கேட்டுப் பெற்றது. 48,000 கேட்டதையும் வேறு ஆவணங்களையும் சேர்த்துக் கணித்தது. உங்கள் கேள்வியின் சாரம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

ஏன் சராசரியை விட்டுவிட்டு இடைநிலை அளவைக் கேட்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயோமிங் மாநிலத்தில் டீட்டன் கவுண்டி என்று ஒன்று. பனிச்சறுக்குக்குப் பேர்போன ஜாக்சன் அங்கேதான் இருக்கிறது, மாநில வருமான வரி கிடையாது, பெருஞ்செல்வர்கள் குடியேறியிருக்கிறார்கள். 2021-இல் அங்கே தலைக்கு வருமானம் 3 லட்சம் டாலருக்கு மேல். அதே கவுண்டியில் எல்லா வீடுகளையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம் அதில் பாதியைக்கூட எட்டாது. அந்த வீட்டில் ஒருவருக்கு மேல் சம்பாதித்தாலும் எட்டாது. ஓட்டலில் படுக்கை விரிப்பவரைப் பற்றி அறிய வேண்டுமானால் சராசரி உதவாது.

இனி, யார் வந்து கேட்டார்கள் என்பதற்கு வருகிறேன். 2000 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்பிலேயே ஏறக்குறைய ஆறு வீட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் நீண்ட படிவம் கொடுத்து வருமானம் கேட்டார்கள். அத்தோடு அந்தப் படிவத்தை நிறுத்திவிட்டார்கள். 2005-லிருந்து முழு அளவில் நடப்பது அமெரிக்கச் சமுதாயக் கணக்கெடுப்பு. ஆண்டு முழுக்க, மாதாமாதம், வெவ்வேறு முகவரிகளுக்குப் படிவம் போகும். இப்போது ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகள். நாட்டில் 14 கோடி வீடுகள் என்று வைத்தால் நாற்பதுக்கு ஒன்று. சின்ன ஊர்களில் இன்னும் நெருக்கமாகவே எடுக்கிறார்கள். இருந்தாலும் ஆயிரம் வீடுள்ள கவுண்டியில் ஓராண்டில் சில பத்து வீடுகள்தான் சிக்கும். அதில் பதில் சொல்லாத வீடு, ஆளில்லாத வீடு என்று இன்னும் குறையும். உங்கள் வட்டத்தில் யாரையும் கேட்காமல் போனதில் வியப்பில்லை.

இருபது வீடுகளை வைத்து நடு எண் சொன்னால் என்ன ஆகும்? இந்த ஆண்டு இரண்டு எண்ணெய்க் கிணற்றுப் பொறியாளர் வீடுகள் விழுந்தால் எண் எகிறும். அடுத்த ஆண்டு இரண்டு ஓய்வூதியக்காரர் வீடுகள் விழுந்தால் சரியும். ஊரில் எதுவும் மாறியிருக்காது. இதைத் தவிர்க்கத்தான் மக்கள்தொகை 65,000-க்குக் குறைந்த இடங்களுக்குப் பொதுவாக ஓராண்டு எண்ணை அவர்கள் வெளியிடுவதில்லை. ஐந்தாண்டு விடைகளைக் குவித்து ஒரே எண்ணாகத் தருகிறார்கள். உங்கள் 52,000 அப்படி வந்தது. பக்கத்திலேயே கூட்டல்–கழித்தல் குறியோடு இன்னோர் எண் இருக்கும், அதுதான் பிழை வரம்பு. கவனித்திருக்க மாட்டீர்கள். சிறிய எழுத்தில் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

ஐந்தாண்டு எண்ணில் ஒரு சங்கடம் உண்டு. அது எந்த ஆண்டையும் குறிக்காது. 2019–2023 எண் என்றால், கொரோனாவுக்கு முந்தைய காலம், ஊரடங்கு, நிவாரணக் காசோலை, விலைவாசி ஏற்றம் எல்லாம் ஒரே சட்டியில் கிடக்கின்றன. பழைய டாலரைக் கடைசி ஆண்டின் மதிப்புக்கு மாற்றித்தான் போடுகிறார்கள். ஆனால் பழைய நிலைமையை அப்படி மாற்ற முடியாதே. ஓராண்டு எண்ணிலும் இதே வழுக்கல் கொஞ்சம் உண்டு. ‘கடந்த 12 மாதங்களில் எவ்வளவு சம்பாதித்தீர்கள்?’ என்றுதான் கேட்கிறார்கள். 2023 ஜனவரியில் பதில் சொன்னவர் 2022-ஐப் பற்றிச் சொல்கிறார்; 2023 டிசம்பரில் சொன்னவர் முக்கால்வாசிக்கு மேல் 2023-ஐப் பற்றிச் சொல்கிறார். வேறு ஒரு கணக்கெடுப்பு, வேலைவாய்ப்புக்காக மாதந்தோறும் நடப்பது, ஒவ்வோர் ஆண்டும் வசந்த காலத்தில் சென்ற ஆண்டு வருமானத்தை விலாவாரியாகக் கேட்கிறது. இரண்டும் நாடு முழுமைக்கே வேறு வேறு விடை தருகின்றன. 2023-க்கு முன்னதில் 77,719 டாலர், பின்னதில் 80,610. முழு நாட்டுக்கே மூவாயிரம் டாலர் இடைவெளி என்றால், ஆயிரம் வீட்டுக் கவுண்டிக்கு நாலாயிரம் இடைவெளி இருப்பதற்காக நாம் கலங்க வேண்டியதில்லை.

வரித்துறைப் பக்கம் வருவோம். நல்ல கேள்வி. அங்கே எல்லாம் இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அங்கே இருப்பவை வரிப் படிவங்கள், வீடுகள் அல்ல. ஒரே வீட்டில் தாத்தா ஒரு படிவம், மகனும் மருமகளும் சேர்ந்து ஒரு படிவம், கடையில் பகுதிநேர வேலை பார்க்கும் பேரன் ஒரு படிவம் என்று மூன்று போகலாம். வருமானம் குறைந்தவர்கள் படிவமே போட வேண்டியதில்லை. நடு எண்ணைக் கீழே இழுக்க வேண்டிய வீடுகளே இப்படிக் காணாமல் போகின்றன. முதியோருக்கான சோஷியல் செக்யூரிட்டி தொகையில் பெரும்பகுதி வரிக்கணக்கில் தலைகாட்டாது. கணக்கெடுப்பில் அது வருமானம். நிலம் விற்ற லாபம் வரிக்கணக்கில் ஏறும், கணக்கெடுப்பில் ஏறாது. உங்கள் பக்கம் எண்ணெய் நிறுவனங்கள் நில உரிமையாளருக்குத் தரும் ராயல்டி இரண்டிலும் உண்டு. உணவு உதவி அட்டை இரண்டிலும் இல்லை. சிலருடைய படிவத்தில் தபால் பெட்டி எண்தான் முகவரி. அவர் எந்தக் கவுண்டி என்பதே ஐயம்.

ஆக, ஒரு பக்கம் சரியான கேள்வியைக் கேட்கும் கணக்கெடுப்பு, ஆனால் ஆட்கள் போதாது. இன்னொரு பக்கம் ஏராளமான ஆட்களோடு வரிக்கணக்கு, ஆனால் கேள்வி கொஞ்சம் கோணல். இரண்டையும் இணைக்க முடியுமா என்பதுதான் உங்கள் 48,000-க்குப் பின்னால் உள்ள கதை.

1972-இல், நிக்சன் காலத்தில், மத்திய அரசு தன் வருவாயில் ஒரு பங்கை ஊராட்சி வரைக்கும் பகிர்ந்து கொடுக்கச் சட்டம் வந்தது. பங்கு பிரிக்க ஒவ்வோர் ஊருக்கும் தலைக்கு வருமானம் தெரிய வேண்டும். ஐந்நூறு பேர்கூட இல்லாத ஊர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. முதலில் அவற்றுக்கெல்லாம் கவுண்டியின் எண்ணையே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஏழை ஊருக்கும் பணக்கார ஊருக்கும் ஒரே எண். இதைச் சரிசெய்யக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் ராபர்ட் ஃபே, ரோஜர் ஹெரியட் என்ற இருவர் ஒரு முறையைக் கொண்டுவந்து 1979-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். இன்றைக்கும் உலகெங்கும் சிறுபகுதி மதிப்பீட்டுக்கு அடிப்படை அதுதான். இத்துறையின் பாடநூலை எழுதியவர் ஆந்திராவில் பிறந்து கனடாவில் பேராசிரியரான ஜே.என்.கே. ராவ். இப்படிக் கணித்த எண்ணில் எவ்வளவு பிழை இருக்கும் என்று கணக்கிடும் சூத்திரமும் அவரும் என்.ஜி.என். பிரசாத்தும் 1990-இல் தந்ததுதான்.

அந்த முறையைப் புரிந்துகொள்ள நம் வீட்டுக் கல்யாணப் பேச்சே போதும். மாப்பிள்ளைக்கு மாதம் இவ்வளவு சம்பளம் என்று தரகர் சொல்கிறார். அதே படிப்பு, அதே வேலை, அதே அனுபவம் உள்ளவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டும் பொருந்தவில்லை என்றால் மனசுக்குள் நடுவே ஒரு தொகை போட்டுக்கொள்வோம். தரகர் நம்பிக்கையான ஆள் என்றால் அவர் சொன்னதன் பக்கம் சாய்வோம். அளந்துவிடுபவர் என்று தெரிந்தால் நம் கணக்கின் பக்கம் சாய்வோம். எவ்வளவு சாய வேண்டும் என்பதற்கு ஒரு வாய்பாடு எழுதினால் அதுதான் ஃபே–ஹெரியட்.

இங்கே தரகர் சொல்வது உங்கள் கவுண்டியில் ஓராண்டில் கேட்டுக் கிடைத்த எண். வெளியிடாவிட்டாலும் அலுவலகத்துக்குள் அது இருக்கிறது. நம் கணக்கு என்பது ஒரு சமன்பாடு. நாட்டின் 3,100-க்கும் மேற்பட்ட கவுண்டிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார்கள். வரிப் படிவங்களின் இடைநிலை வருமானம், மொத்த வருமானத்தில் அரசு உதவித்தொகைகளின் பங்கு, முந்தைய கணக்கெடுப்பு எண் போன்றவற்றுக்கும் வீட்டு வருமானத்துக்கும் பொதுவாக என்ன தொடர்பு என்று கண்டுபிடிக்கிறார்கள். அந்தத் தொடர்பில் உங்கள் கவுண்டியின் வரி விவரத்தைப் போட்டால் ஒரு விடை வரும்.

உங்கள் எண்ணுக்குப் பொருந்தும்படி நானே ஓர் உதாரணம் அமைக்கிறேன். ஓராண்டில் கேட்டதில் 58,000 வந்தது, அதன் திட்டப் பிழை, அதாவது வேறு வீடுகள் விழுந்திருந்தால் எண் சுமாராக எவ்வளவு ஆடியிருக்கும் என்பது, 8,000 என்று வைப்போம். சமன்பாடு 45,500 என்கிறது, அதன் பிழை 4,000. பிழைகளை வர்க்கமாக்குங்கள். ஆயிரத்தைத் தள்ளிவிட்டால் 64, 16. கூட்டினால் 80. கேட்ட எண்ணுக்கு எடை 16/80, அதாவது ஐந்தில் ஒன்று. சமன்பாட்டுக்கு ஐந்தில் நான்கு. 11,600-ஐயும் 36,400-ஐயும் கூட்டினால் 48,000. எடை குறுக்காகப் போவதைக் கவனியுங்கள்: யாருடைய பிழை பெரிதோ அவருக்குச் சின்ன எடை. கலந்த பிறகு பிழை சுமார் 3,600. தனித்தனியாக இருந்த இரண்டையும்விடக் குறைவு. உண்மையில் அவர்கள் டாலரை மடக்கையாக மாற்றிக்கொண்டுதான் இதைச் செய்கிறார்கள், யோசனை இதேதான். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 2020-இல் ஒரு கோடி மக்கள். அங்கே கேட்டுக் கிடைத்த எண்ணே உறுதியாக இருக்கும், சமன்பாட்டுக்கு வேலையே இல்லை. உங்கள் மாநிலத்து லவிங் கவுண்டியில் அதே ஆண்டில் 64 பேர். அங்கே சமன்பாடுதான் பேசும்.

இதைக் கேட்டவுடன் பலருக்கும் எழும் சந்தேகம்: அக்கம்பக்கத்துக் கவுண்டிகளின் எண்ணை எங்கள் தலையில் கட்டுகிறார்களா? இல்லை. நியூ மெக்சிகோவில் லாஸ் அலமோஸ் கவுண்டியைப் பாருங்கள். அணுகுண்டு செய்ய 1943-இல் மலைமேல் தொடங்கிய ஆய்வகம் இன்றும் அங்கே நடக்கிறது. 2020-இல் மக்கள்தொகை 19,419. முனைவர் பட்டம் பெற்றவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இடைநிலை வீட்டு வருமானம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. ஒட்டியுள்ள ரியோ அரிபா கவுண்டியில் அது அதில் பாதிக்கும் கீழே. பக்கத்து ஊரைப் பார்த்துக் கணித்திருந்தால் லாஸ் அலமோஸ் தரைமட்டத்துக்கு வந்திருக்கும். கடன் வாங்குவது பக்கத்து ஊரின் வருமானத்தை அல்ல; வரிக்கும் வருமானத்துக்கும் நாடெங்கும் உள்ள தொடர்பைத்தான். வரி விவரம் லாஸ் அலமோஸுடையதே. அது உயரமாக இருந்தால் கணிப்பும் உயரமாகவே வரும்.

இன்னொன்றும் அங்கே தெரியும். ஆய்வகத்துச் சம்பளங்களை வைத்து அந்தக் கவுண்டியை மதிப்பிட்டால் ஏமாறுவோம். அங்கே வேலை பார்ப்பவர்களில் கணிசமானோர் சாண்டா ஃபேயிலிருந்தும் ரியோ அரிபாவிலிருந்தும் தினமும் மலையேறி வருகிறார்கள். வீட்டு வருமானம் தூங்கும் இடத்தில் எண்ணப்படும், உழைக்கும் இடத்தில் அல்ல. உங்கள் ஊரில் வாரக்கணக்கில் தங்கி எண்ணெய் வயலில் வேலை செய்துவிட்டு வேறு கவுண்டிக்கு வீடு திரும்புபவர்கள் இருந்தால், அவர்கள் சம்பளம் உங்கள் எண்ணில் சேராது.

சமன்பாடு எங்கே தடுமாறும் என்பதையும் சொல்ல வேண்டும். வடக்கு டகோட்டாவில் மெக்கென்சி கவுண்டி. பாறைக்குள்ளிருந்து எண்ணெய் எடுக்கத் தொடங்கியதும் 2010-இல் 6,360 ஆக இருந்த மக்கள்தொகை 2020-இல் 14,704 ஆனது. இவ்வளவு வேகமாக ஊர் மாறினால் முந்தைய கணக்கெடுப்பு எண் பழங்கணக்காகிவிடும், வரிப் படிவம் இன்னும் பழைய ஊர் முகவரியிலிருந்தே வரும். கல்லூரி ஊர்களும் ஒரு வகை விதிவிலக்கு. விடுதியில் இருக்கும் மாணவர் வீட்டுக் கணக்கில் வரமாட்டார். வெளியே அறை எடுத்துத் தங்கினால் அவரும் ஒரு வீடு, வருமானம் சொற்பம். அவருடைய வரி விவரமோ பல நேரம் பெற்றோர் படிவத்தில் அடங்கிவிடும். சராசரிப் போக்கிலிருந்து உண்மையிலேயே விலகி நிற்கும் ஊரை இந்த முறை கொஞ்சம் போக்கின் பக்கம் இழுத்துத்தான் வைக்கும். ஃபேயும் ஹெரியட்டும் இதை அறிந்திருந்தார்கள். கேட்டுக் கிடைத்த எண்ணிலிருந்து ஒரு திட்டப் பிழைக்கு மேல் கணிப்பு நகரக்கூடாது என்று கடிவாளம் போட்டார்கள். 1973-இல் சில ஊர்களில் வீடுவீடாக முழுக் கணக்கெடுப்பு நடத்தி ஒப்பிட்டும் பார்த்தார்கள். எனக்கு அந்த முறைமீது மதிப்பு வந்தது சூத்திரத்தால் அல்ல, இந்த இரண்டு காரியங்களால்.

இந்தக் கணிப்புக்குப் பின்னால் பணம் இருக்கிறது. 1994-இல் நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டதால்தான் இது தொடர் வேலையானது. ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளி மாவட்டங்களுக்கு மத்திய அரசு தரும் கல்வி நிதியை, பத்தாண்டுப் பழசான வறுமை எண்ணை வைத்துப் பிரிப்பது நியாயமில்லை என்று அப்போது கருதினார்கள். இன்று அந்த நிதி ஆண்டுக்கு 1,800 கோடி டாலருக்கு மேல். நிதி பிரிப்பது வறுமை எண்ணை வைத்து. இடைநிலை வருமானம் அதே அலுவலகத்தில் அதே வேலையோடு சேர்ந்து வருகிறது.

சரி, எதை எழுதுவது? அறக்கட்டளை தன் குறிப்பில் எந்த ஆதாரம் என்று சொல்லியிருந்தால் கேள்வி கேட்காமல் அதையே எழுதுங்கள். அவர்கள் மற்ற விண்ணப்பங்களோடு ஒப்பிடப் போகிறார்கள். உங்கள் எண் மட்டும் வேறு ஆதாரத்தில் இருந்தால் உங்களுக்குத்தான் நட்டம். எதுவும் சொல்லவில்லை என்றால் நான் 48,000-ஐ எழுதுவேன். ஒரே ஆண்டைக் குறிக்கிறது. இவ்வளவு சின்னக் கவுண்டிக்குப் பிழையும் குறைவு. அதோடு எந்த ஆண்டு, எந்தத் திட்டத்தின் எண், 90 சதவீத நம்பக எல்லை எது முதல் எது வரை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மூன்றில் எது குறைவோ அதை எழுதினால் நிதி கிடைக்கும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இம்முறை குறைவாக இருக்கும் எண்ணே அடுத்த முறை உயர்வாக வரலாம். ஆதாரத்தை மாற்றிக்கொண்டே போனால் மூன்றாவது ஆண்டில் மாட்டிக்கொள்வீர்கள்.

மறு கேள்வி: பதிலுக்கு நன்றி ஐயா. 48,000-ஐயே எழுதினோம். இப்போது எங்கள் அமைப்பு பக்கத்துக் கவுண்டியிலும் வகுப்பு தொடங்கப்போகிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு எண் வேண்டும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கலாமா? இன்னொன்று: எங்கள் கவுண்டி அவர்களைவிட ஏழை என்று எழுதலாமா? அப்பா விருதுநகரில் இருக்கிறார். நம் மாவட்டத்துக்கும் இப்படி ஒரு எண் இருக்கிறதா என்று அவர் கேட்கிறார்.

பதில்: கூட்டி வகுக்கக் கூடாது. வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப எடை போட்டுச் சராசரி எடுத்தாலும் சரியாகாது. இரண்டு வரிசைகளை ஒன்றாக்கினால் நடுவில் யார் வருவார் என்பது, இரண்டிலும் முன்பு நடுவில் இருந்தவர்களை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்றும் தெரிய வேண்டும்.

அதற்குக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் ஐந்தாண்டு அட்டவணைகளில் பி-19001 என்பதை எடுங்கள். 10,000 டாலருக்குக் கீழே எத்தனை வீடு, 10,000 முதல் 14,999 வரை எத்தனை என்று பதினாறு படிகள் இருக்கும். கடைசிப் படி 2 லட்சமும் அதற்கு மேலும். இரண்டு கவுண்டிகளுக்கும் படிப்படியாகக் கூட்டுங்கள். மொத்தம் 10,000 வீடுகள் வந்தால் நடு 5,000. 50,000 டாலருக்குக் கீழே 4,400 வீடுகள், 50,000 முதல் 59,999 வரையிலான படியில் 1,200 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். 5,000-க்கு இன்னும் 600 வேண்டும். 1,200-இல் 600 பாதி. ஆக அந்தப் பத்தாயிரத்தில் பாதி தூரம் போனால் 55,000. பள்ளியில் இதைச் செய்திருப்பீர்கள். படிக்குள் வீடுகள் சீராகப் பரவியிருப்பதாக ஊகிக்கிறோம். குறுகிய படிக்கு அந்த ஊகம் பரவாயில்லை. நடு எண் அகலமான மேல் படிகளில் விழும் பணக்காரக் கவுண்டிகளுக்கு வேறு சூத்திரம் வேண்டும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. விண்ணப்பத்தில் இது நீங்கள் கணக்கிட்டது என்று குறிப்பிடுங்கள்.

ஏழை என்று எழுதலாமா என்பதற்குத்தான் பிழை வரம்பைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு வரம்புகளையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். எண்களின் வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால் எழுதலாம். உதாரணத்துக்கு, ஒரு கவுண்டியின் எண் 48,200, வரம்பு 9,500. இன்னொன்றின் எண் 54,100, வரம்பு 8,000 என்று வைத்தால், வர்க்கமூலம் சுமார் 12,400. வித்தியாசம் 5,900-தான். எழுத முடியாது. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதிலும் எச்சரிக்கை வேண்டும். 2018–2022-ஐயும் 2019–2023-ஐயும் ஒப்பிட்டால் ஐந்தில் நான்கு ஆண்டுகள் இரண்டிலும் பொது. 2014–2018-ஓடு ஒப்பிடுங்கள், டாலரை ஒரே ஆண்டு மதிப்புக்கு மாற்றிக்கொண்டு.

அப்பாவிடம், அப்படி ஓர் எண் நம்மிடம் இல்லை என்று சொல்லுங்கள். விருதுநகருக்குத் தலைக்கு வருமானம் என்று பத்திரிகையில் வருவது மாவட்டத்தின் மொத்த உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்தது. டீட்டன் கவுண்டிக் கதை அதற்கும் பொருந்தும். சிவகாசிப் பட்டாசு ஆலையின் உற்பத்தி, திரி வைப்பவரின் வீட்டு வருமானத்தைச் சொல்லாது. நம் தேசிய மாதிரி ஆய்வுகள் வீடுகளில் கேட்டது பெரும்பாலும் செலவை. 1950, 60-களில் வருமானத்தையும் கேட்டுப் பார்த்தார்கள். மக்கள் சொன்ன வருமானம் அவர்களுடைய செலவும் சேமிப்பும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாக வந்ததால் கைவிட்டார்கள். 2026-இல் நாடு தழுவிய வீட்டு வருமானக் கணக்கெடுப்பு நடத்தப்போவதாக மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2025-இல் அறிவித்தது. அது வந்தாலும் மாவட்டத்துக்கு எண் சொல்ல வேண்டுமானால் ஃபே–ஹெரியட் வகையில்தான் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். அதற்குத் துணைபோக நம்மிடம் என்ன ஆவணம் இருக்கிறது என்பது பெரிய கேள்வி. வருமான வரிப் படிவம் போடுபவர்கள் இங்கே மிகச் சிறிய பகுதியினர். அமெரிக்கர்கள் வரிக்கணக்கில் சாய்ந்துகொள்வதைப் போல நாம் சாய முடியாது. மின் இணைப்பு, இருசக்கர வாகனப் பதிவு, குடும்ப அட்டை வகை போன்றவற்றைத்தான் முயன்று பார்க்க வேண்டும்.